அமெரிக்க எஞ்சின், மதராஸ் கார்புரேட்டர்

(பழைய வண்டி வைத்திருப்பவர்களும் பட்டறைக்காரர்களும் ஆயக்குடியில் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆயக்குடிக்கு வந்து மைக்கைப் பிடிக்கிறவன் கொய்யாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் நீங்கள் விடமாட்டீர்கள் என்று தெரியும். சொல்லிவிடுகிறேன். ஆனால் நான் பேச வந்தது கொய்யாவைச் சுமந்த வண்டியைப் பற்றி. இங்கே கொய்யாக் கூடை, மேலே கொடைக்கானல் மலைக்குப் போனால் மலைவாழை, காப்பிக்கொட்டை, பூண்டு, உருளைக்கிழங்கு என்று எதைச் சொன்னாலும் ஏற்றிக்கொண்டு, பஸ் போகாத இடத்துக்கெல்லாம் போய் வந்த பழைய பெட்ரோல் ஜீப்பைப் பற்றி. அதிலும் முழு ஜீப்பையும் பேச இன்று நேரம் போதாது. பானட்டைத் திறந்தால் எஞ்சினை ஒட்டி, இரண்டு கைக்குள் அடங்குகிற மாதிரி உட்கார்ந்திருக்குமே, கார்புரேட்டர், அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அதிலும் வண்டியோடு வராத கார்புரேட்டரைப் பற்றி. நம் ஊர்ப் பக்கம் மிச்சமிருக்கிற பழைய ஜீப்புகளில் அமெரிக்காவில் பூட்டிய கார்புரேட்டர் இருப்பது அபூர்வம். எப்போதோ, யாரோ, ஏதோ ஒரு காரணத்துக்காக வேறொன்றை மாட்டியிருக்கிறார்கள். இப்போது அந்த வண்டியைத் தூசி தட்டி ஓட்ட ஆசைப்படுகிற பேரன் என்ன கேட்கிறான்? "இது ஒரிஜினல் இல்லையே, கழற்றி எறிந்துவிட்டு ஒரிஜினல் வாங்கிவிடலாமா?" என்று கேட்கிறான். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எறியாதீர்கள். இருப்பதைப் புதுப்பியுங்கள். ஆனால் அந்த எஞ்சினுக்கு, இந்த மலைக்கு, இன்றைய பெட்ரோலுக்கு என்று அளந்து புதுப்பியுங்கள். அடுத்த ஒரு மணி நேரம் நான் சொல்லப்போவது இவ்வளவுதான்.

முதலில் அந்த வண்டி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இரண்டாம் உலகப் போருக்காக வில்லிஸ் கம்பெனியும் ஃபோர்டு கம்பெனியும் சேர்ந்து செய்த ஜீப்புகள் 6 லட்சத்துக்கும் மேல். நாலு சிலிண்டர், 2,199 சிசி, 60 குதிரைத் திறன். போர் முடிந்ததும் இராணுவம் ஏலத்தில் தள்ளிவிட்ட வண்டிகள் தோட்டக்காரர்கள் கைக்கும், மர வியாபாரிகள் கைக்கும் வந்தன. 1945-இல் தொடங்கிய மஹிந்திரா நிறுவனம், 1940-களின் கடைசியில் வில்லிஸ் ஜீப்பை இங்கேயே பூட்டி விற்க ஆரம்பித்தது. அப்புறம் வந்த மாடல்களில் அதே 2.2 லிட்டர் எஞ்சினுக்கு மேல்பக்கம் இன்டேக் வால்வை ஏற்றி 75 குதிரைத் திறன் ஆக்கினார்கள். நம் பக்கத்துப் பெரியவர்கள் ‘பெட்ரோல் ஜீப்பு’ என்று சொன்னால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

இந்த எஞ்சின்களுக்கு அமெரிக்காவில் பூட்டியது கார்ட்டர் கார்புரேட்டர். செயின்ட் லூயிஸ் நகரத்துச் சரக்கு. போர்க்கால ஜீப்பில் இருந்தது டபிள்யூ-ஓ என்ற மாடல், பின்னால் வந்ததில் ஒய்-எஃப். அருமையான சாமான், சந்தேகமே இல்லை. மெயின் ஜெட்டுக்குள் ஒரு மெல்லிய கம்பி இறங்கி நிற்கும். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அந்தக் கம்பி மேலே ஏறும், ஜெட்டின் துவாரம் பெரிதாகும், பெட்ரோல் கூடும். கம்பி தேய்ந்தால்? கம்பியின் மேல்கொக்கி வளைந்தால்? அந்தக் கம்பிக்கு ஆர்டர் அனுப்பிவிட்டு நீங்கள் மலைமேல் வடகவுஞ்சியில் உட்கார்ந்திருக்க முடியுமா?

அங்கேதான் கதை திரும்புகிறது. சுதந்திரம் அடைந்த பிறகு இந்தியா என்ன முடிவெடுத்தது? வண்டியை இறக்குமதி செய்து பூட்டி விற்கிற வேலை போதும், பாகங்களை இங்கேயே செய்யுங்கள், இல்லையென்றால் கிளம்புங்கள் என்றது. 1953, 54-இல் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிவிட்டன. வெளிநாட்டுச் சாமான் வேண்டுமென்றால் லைசென்ஸ், பர்மிட். ஒரு ஜீப்புக்காரர் கார்ட்டர் கம்பிக்காக எந்த ஆபீஸ் வாசலில் போய் நிற்பார்? கார்புரேட்டரை இங்கேயே செய்தாக வேண்டிய கட்டாயம் வந்தது. அதை எங்கே செய்தார்கள்? நம் மதராஸில் செய்தார்கள்! கார்புரேட்டர்ஸ் லிமிடெட் என்ற நிறுவனம் பிரெஞ்சு சோலெக்ஸின் உரிமம் வாங்கி இங்கே வார்த்தது. 32 பிபிஐசி என்று உடம்பில் எழுத்து இருக்கும். அந்த 32 என்பது த்ராட்டில் துளையின் விட்டம், மில்லிமீட்டரில்.

சோலெக்ஸ் என்பது மோரிஸ் கூதார், மார்செல் மென்னெசோன் என்ற இரண்டு பிரெஞ்சு எஞ்சினியர்கள் தொடங்கிய கம்பெனி. முதலில் ரேடியேட்டர்தான் செய்தார்கள்.

கார்ட்டர் இருந்த இடத்தில் சோலெக்ஸை உட்கார வைப்பது எளிதாக இருந்தது. கம்பி ஏறி இறங்குகிற சிக்கலும் இல்லை. துவாரம் போட்ட பித்தளை ஜெட்டுகள் மட்டும்தான், ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த யாரும் கழற்றலாம். ஜெட் அடைத்தால் கழற்றி ஊதி மாட்டிவிட்டுப் போகலாம். மலையில் தனியாக ஓட்டுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்தியாவில் செய்த இந்த சோலெக்ஸ் கடல் தாண்டியும் போனது. இன்று அமெரிக்காவிலேயே பழைய வில்லிஸ் வைத்திருக்கிறவர்கள் பலர் கார்ட்டருக்குப் பதிலாக இதே சோலெக்ஸ் மாடலைத்தான் மாட்டி ஓட்டுகிறார்கள். அங்கேயும் "ஒரிஜினல் இல்லையே" என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. வண்டி ஓடுகிறதே என்று சிரிக்கிறவர்களும் உண்டு.

அதே மதராஸ் நிறுவனம் பிறகு ஜப்பானின் மிக்குனி நிறுவனத்தோடு சேர்ந்து 1985-இல் யூகால் என்ற கம்பெனியைத் தொடங்கியது. மாருதி 800-இன் கார்புரேட்டர் அங்கிருந்து வந்ததுதான். புல்லட்டில் ‘மிக்கார்ப்’ என்று பார்த்திருப்பீர்களே, அதுவும் அந்த வழிதான். சோலெக்ஸ் அச்சில் கை பழகிய ஊர் ஒரு தலைமுறைக்குக் கார்புரேட்டர் செய்து கொடுத்தது. உங்கள் தாத்தாவின் ஜீப்பில் இருப்பது டூப்ளிகேட் என்று இனி யாராவது சொன்னால், அந்த உடம்பைத் துடைத்து, வார்ப்பெழுத்தைக் காட்டுங்கள். அமெரிக்க எஞ்சின் இந்த மலையில் எத்தனையோ வருஷம் ஓடியதற்கு அந்த எழுத்துத்தான் சாட்சி. அதைக் கழற்றி எறிந்தால் வண்டியின் சரித்திரத்தில் பாதியைக் கழற்றி எறிந்த மாதிரி ஆகும். இது என் கட்சி. எதிர்க்கட்சியும் இருக்கிறது, மறைக்கவில்லை. போட்டிக்கு வண்டியை நிறுத்துகிறவர்களுக்கு நடுவர் மார்க் குறைப்பார். அவர்கள் தேடட்டும், வாங்கட்டும். ஆனால் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் போட்டிக்கு நிறுத்தப் போகிறீர்கள்?

சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு தம்பி வரும்போதே கேட்டார். 2021-இல் மத்திய அரசு பழமையான வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், நம்பர் பிளேட்டில் ‘விஏ’ என்ற எழுத்து வரும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினப்படி வேலைக்கோ வாடகைக்கோ ஓட்ட முடியாது. கொய்யா ஏற்ற முடியாது, அவ்வளவுதான் விஷயம். டீசல் எஞ்சினைத் தூக்கி வைத்த ஜீப்புக்காரர் இந்த விதியைப் பார்த்துக் கவலைப்பட வேண்டும். சில நட்டில் கழற்றி மாட்டுகிற கார்புரேட்டர்காரர் அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். 1970-களுக்குப் பிறகு எத்தனை பெட்ரோல் ஜீப்புகளின் வயிற்றைக் கிழித்து டீசல் எஞ்சினை வைத்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்த அலையில் தப்பிய பெட்ரோல் எஞ்சின்கள் தப்பியதற்கு, மலிவாகவும் கைக்கெட்டும் தூரத்திலும் கிடைத்த இந்தக் கார்புரேட்டரும் ஒரு காரணம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. புத்தம் புதுசாக, பளபளவென்று, ‘கார்ட்டர் மாடல்’ என்று பெட்டியில் போட்டு விற்கிறார்களே, வாங்கலாமா? கையில் எடுத்துப் பாருங்கள். த்ராட்டில் ஸ்பிண்டிலை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஜெட்டின் மேல் நம்பர் இருக்கிறதா பாருங்கள். அடிப்பகுதியை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்து ஆடுகிறதா பாருங்கள். இவற்றில் தேறாத நகல்கள் நிறையச் சுற்றுகின்றன. தேறாத புதுசைவிடத் தேய்ந்த பழசு மேல். தேய்ந்ததைத் திருத்தலாம். கோணலாகவே வார்த்ததை என்ன செய்வது? பாடிக்கோ, மேல்மூடிக்கோ ஒரு துண்டு வேண்டுமென்றால் சென்னைப் புதுப்பேட்டைக்கோ கோயம்புத்தூர் உக்கடத்துக்கோ ஒரு நடை போய் வாருங்கள். ஒன்றுக்கு இரண்டாகப் பழைய சோலெக்ஸை வாங்கி வந்து, இரண்டிலும் நல்லதை எடுத்து ஒன்றாக்குங்கள்.

சரி, சட்டையை மடித்துக்கொண்டு வேலைக்குப் போவோம்.

கார்புரேட்டர் என்ன செய்கிறது? மாணவர்களுக்காக ஒரு நிமிஷம். கொசுவுக்கு ஃபிளிட் அடிக்கிற பழைய கைப்பம்பு ஞாபகம் இருக்கிறதா? முன்னால் காற்றைத் தள்ளினால், கீழே டப்பாவிலிருக்கிற மருந்து தானாக மேலேறித் தூள் தூளாகப் பறக்கும். குறுகின வழியில் காற்று வேகமாகப் போனால் அங்கே அழுத்தம் குறையும். வென்சூரி என்ற இத்தாலியர் 1797-இலேயே எழுதி வைத்த சங்கதி. கார்புரேட்டரும் அதே வித்தைதான். பிஸ்டன் காற்றை இழுக்கிறது, குறுகின கழுத்தில் பெட்ரோல் ஏறிக் கலக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் நமக்குக் கை கொடுக்கப் போகிறது.

கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு வேண்டுகோள். வண்டி இழுக்கவில்லையா, மிஸ்ஸிங் அடிக்கிறதா, பேக் ஃபயர் ஆகிறதா, உடனே கார்புரேட்டரின் மேல் கை வைக்காதீர்கள். முதலில் பாயிண்டைப் பாருங்கள். இந்த ஜீப்புக்குப் பாயிண்ட் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் 20, அதாவது அரை மில்லிமீட்டர். பிளக் இடைவெளி ஆயிரத்தில் 30. கண்டென்சர், ரோட்டார், டைமிங், கம்ப்ரஷன் எல்லாம் பாருங்கள். பாயிண்ட் கருகிப்போன வண்டிக்குக் கார்புரேட்டரைப் புதுப்பித்து என்ன லாபம்? நம் பட்டறைகளில் பாவப்பட்ட சாமான் ஒன்று உண்டென்றால் அது கார்புரேட்டர்தான். எந்தக் குற்றம் நடந்தாலும் முதலில் அதைத்தான் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

பாயிண்டும் பிளக்கும் நிரபராதி என்று தெரிந்துவிட்டதா? இப்போது கழற்றுங்கள். கழற்றியதும் முதல் வேலை, ஒரு காகிதமும் பேனாவும். மெயின் ஜெட் என்ன நம்பர், பைலட் ஜெட் என்ன நம்பர், ஏர் கரெக்‌ஷன் ஜெட் என்ன நம்பர், எழுதுங்கள். கேட்பதற்கு அற்பமாக இருக்கும். ஆனால் இதுதான் புதுப்பித்தலின் அஸ்திவாரம். ஏன்? இது வண்டியோடு வராத கார்புரேட்டர். கம்பெனிப் புத்தகத்தில் இதற்குக் கணக்கு இல்லை. யாரோ ஒரு மேஸ்திரி, ஏதோ ஒரு காலத்தில், கையில் கிடைத்த ஜெட்டைப் போட்டு ஓட்டியிருக்கிறார். அவர் போட்டது சரியா தப்பா என்று நமக்குத் தெரிய வேண்டுமானால், அவர் போட்டது என்னவென்று தெரிய வேண்டாமா?

இரண்டாவது வேலையை எல்லோரும் மறக்கிறார்கள். அதனால் அதில் கொஞ்சம் நிற்கிறேன். த்ராட்டில் ஸ்பிண்டில். பெடலை அழுத்தும்போதெல்லாம் சுழல்கிற அந்தத் தண்டு, எத்தனை வருஷம் மலைப்பாதையில் சுழன்றிருக்கும்! ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மிதி, விடு, மிதி, விடு. தண்டும் தேயும், தண்டு போகிற துளையும் முட்டை வடிவமாகும். அந்த இடுக்கு வழியாக எஞ்சின் திருட்டுக் காற்றைக் குடிக்கும். நம் ஆட்கள் சொல்வார்களே, "ஏர் அடிக்கிறது" என்று, அதுதான். ஸ்லோ ஸ்பீட் நிற்காது. மிக்ஸர் ஸ்குரூவை எத்தனை திருகினாலும் பிடி கொடுக்காது. கடையில் விற்கிற ரிப்பேர் கிட்டில் என்ன இருக்கிறது? கேஸ்கட், டயாஃப்ரம், நீடில் வால்வ், சில வாஷர்கள். தேய்ந்த துளைக்கு அதில் மருந்து கிடையாது. கிட் போட்டும் வண்டி சரியாகவில்லை என்று சொல்கிற பத்துப் பேரில் பலர் இந்த இடத்தில்தான் மாட்டியிருக்கிறார்கள்.

அதற்கு லேத் வேண்டும். துளையை நேராகப் பெரிதாக்கி, பித்தளையிலோ வெண்கலத்திலோ புஷ் கடைந்து இறக்கி, அளவாக ரீமர் போட்டு, புதுத் தண்டு கடைந்து போட வேண்டும். பழனியிலோ ஒட்டன்சத்திரத்திலோ பம்புசெட் ஷாஃப்ட் கடைகிற நல்ல லேத்துக்காரரால் இதைச் செய்ய முடியும். இரண்டு பக்கத் துளையும் ஒரே நேர்கோட்டில் வரவேண்டும் என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மாட்டும்போது பட்டாம்பூச்சித் தகடு வட்டம் முழுக்கப் படிகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். தகட்டின் சின்ன ஸ்குரூக்களின் முனையைத் தட்டி அடைத்துவிடுங்கள். கழன்று விழுந்தால் அது நேராக சிலிண்டருக்குள் போய்விடும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். ஃபிளாஞ்ச் வளைந்திருந்தால் கண்ணாடியின் மேல் எமரி பேப்பரை விரித்துத் தேய்த்துச் சமன் செய்யுங்கள். வளைவை மறைக்க இரண்டு கேஸ்கட் போடுவது ஏமாற்று வேலை. ஃப்ளோட்டை வெந்நீரில் அமுக்குங்கள், குமிழி வந்தால் ஓட்டை. ஈயம் பற்றவைக்கலாம், ஆனால் ஈயம் கூடினால் எடை கூடும், எடை கூடினால் பெட்ரோல் மட்டம் ஏறும். சோலெக்ஸில் மட்டத்தைச் சரி செய்வது நீடில் வால்வுக்கு அடியில் போடுகிற வாஷரின் கனத்தால். மட்டம் உயரமாக இருந்தால் சமதரையில் ஒன்றும் தெரியாது, மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது பெட்ரோல் வழியும். நமக்கு ஏற்றம்தானே வாழ்க்கை?

ஜெட்டை எப்படிச் சுத்தம் செய்வது? கம்பி விடாதீர்கள்! கை கூப்பிக் கேட்கிறேன், கம்பி விடாதீர்கள். சோலெக்ஸ் ஜெட்டில் 120 என்று போட்டிருந்தால் துவாரம் 1.20 மில்லிமீட்டர். 125 என்றால் 1.25. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. ஆனால் துவாரத்தின் பரப்பில் பார்த்தால் எட்டரை சதவீதம் கூடுகிறது. கிளட்ச் வயரிலிருந்து ஒரு இழையைப் பிய்த்து உள்ளே விட்டுக் குடைகிறீர்களே, அந்தக் குடைச்சலில் 120 என்ற எழுத்து அப்படியே இருக்கும், துவாரம் என்ன ஆகியிருக்கும் என்று எவருக்குத் தெரியும்? ஊறவையுங்கள், ஏர் அடியுங்கள், வெளிச்சத்தில் பாருங்கள். போதும்.

இப்போது இன்றைய பேச்சின் நடுப்புள்ளிக்கு வருகிறேன். பெட்ரோல். உங்கள் தாத்தா ஊற்றிய பெட்ரோலா இன்று பங்கில் கிடைக்கிறது? 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை அறிமுகம் செய்தார்கள். 2025-இல் நாடு முழுக்க அதுதான் என்ற நிலை வந்துவிட்டது. கரும்பாலைக்கு நல்லது, அந்நியச் செலாவணிக்கு நல்லது, அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. நம் கார்புரேட்டருக்கு என்ன ஆகும்?

எத்தனால் பழைய ரப்பரை ஊதவைக்கும், இளகவைக்கும். டயாஃப்ரம், பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம், ஹோஸ் எல்லாம் எத்தனால் தாங்குகிற ரகமா என்று கேட்டு வாங்குங்கள். அலமாரியில் இருபது வருஷமாக வைத்திருந்த கிட்டை மாட்டாதீர்கள். எத்தனால் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். கொடைக்கானல் பனியில் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியின் கார்புரேட்டரைத் திறந்தால் உள்ளே வெள்ளைப் பொடி பூத்திருக்கும். நாகம் கலந்த வார்ப்பு அரிக்கிற அடையாளம் அது. நிறுத்தப் போகிறீர்களா, பெட்ரோல் காக்கை அடைத்துவிட்டு, ஃப்ளோட் அறை காலியாகி எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள்.

ஆனால் இவற்றைவிடப் பெரிய சங்கதி கலவைக் கணக்கு. சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்று சொன்னேன். எத்தனாலுக்கு 9 கிலோதான். 20 சதவீதம் கலந்தால் கணக்கு ஏறத்தாழ பதிமூன்றரைக்கு இறங்குகிறது. அப்படியென்றால் என்ன அர்த்தம்? அதே காற்றுக்கு எட்டு, ஒன்பது சதவீதம் பெட்ரோல் கூடுதலாக வேண்டும். புது வண்டியில் சென்சார் இருக்கிறது, அது தானாகக் கூட்டிக்கொள்ளும். நம் சோலெக்ஸில் இருப்பது பித்தளைத் துவாரம். அது பழைய கணக்கையே ஊற்றும். கலவை வறண்டுபோகும். ஏற்றத்தில், சுமையோடு, வைகாசி வெயிலில் வறண்ட கலவையில் ஓட்டினால் எஞ்சின் சூடேறும், வால்வு கருகும்.

அப்படியானால் ஜெட்டை மாற்றிவிடலாமா? கணக்குப் போடுங்கள் தம்பிகளே. 120-க்குப் பதில் 125 போட்டால் எட்டரை சதவீதம் கூடும் என்று இப்போதுதானே பார்த்தோம்! பொருத்தம் கச்சிதம். கை தட்டாதீர்கள், கதை முடியவில்லை. நம் ஊருக்கு மேலே ஒரு மலை இருக்கிறதே.

ஆயக்குடியும் பழனியும் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம். வரதமாநதி அணையைத் தாண்டி ஏற ஆரம்பித்தால், சவரிக்காடு, வடகவுஞ்சி, பெருமாள்மலை வழியாகக் கொடைக்கானலில் போய் நிற்கும்போது ஏறத்தாழ 2,100 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். எஞ்சினின் பலம் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 60 குதிரையில் பன்னிரண்டு குதிரை மலையடிவாரத்திலேயே நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று குறைகிற அளவுக்கு ஜெட் பெட்ரோலைக் குறைப்பதில்லை. அடர்த்தியின் வர்க்கமூலக் கணக்கில்தான் குறைக்கும். அதனால் அடிவாரத்தைவிட மேலே கலவை ஒன்பது சதவீதம் போல அடர்த்தியாகிவிடும். பிளக் கரி பிடிக்கும், புகை கறுக்கும், மைலேஜ் விழும்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எத்தனால் கலவையை எட்டு, ஒன்பது சதவீதம் வறளவைக்கிறது. மலை ஒன்பது சதவீதம் கூட்டுகிறது. கொடைக்கானலிலேயே கிடக்கிற ஜீப்புக்கு இரண்டும் ஒன்றுக்கொன்று கழிந்துபோய், தாத்தா போட்ட பழைய ஜெட் ஏறத்தாழ சரியாகவே இருக்கும்! அதை மாற்றினால்தான் கெடும். அதே ஜெட்டோடு ஆயக்குடியில் ஓடுகிற ஜீப்பு வறண்டு காயும். ஒரே கார்புரேட்டர், ஒரே எஞ்சின், ஒரே பெட்ரோல். அறுபது சொச்சம் கிலோமீட்டர் தூரத்தில் பதில் மாறிவிடுகிறது. எந்த அமெரிக்கப் புத்தகத்தில் இந்தப் பதில் இருக்கும்? ஒரிஜினல் கார்ட்டரைக் கப்பலில் வரவழைத்து மாட்டினாலும், இந்தக் கணக்கை நீங்கள்தானே போட வேண்டும்?

வாரம் முழுக்க ஏறி இறங்குகிற வண்டிக்கு என்ன செய்வது என்று பின் வரிசையில் ஓர் அண்ணன் கையைத் தூக்குகிறார். அண்ணே, சுமை எங்கே ஏற்றுகிறீர்கள் என்று பாருங்கள். கீழே சுமை ஏற்றி ஏறுகிறவருக்கு ஜெட்டை ஒரு படி கூட்டுவதுதான் நல்லது. மேலே போனதும் கொஞ்சம் கரி பிடிக்கும், பிடிக்கட்டும். கரி பிடித்த பிளக்கைக் கழற்றித் துடைக்கலாம். கருகிய வால்வுக்கு ஹெட்டைக் கழற்ற வேண்டும். மேலே சுமை ஏற்றிக்கொண்டு இறங்குகிறவர் எஞ்சினில் பாரமே இல்லாமல் இறங்குகிறார், அவர் பழைய ஜெட்டோடு இருந்துகொள்ளலாம். எதற்கும் ஒரு சோதனை செய்யுங்கள். நல்ல ஏற்றத்தில் முழு மிதியில் இழுத்து, வண்டியை ஓரங்கட்டி, அப்படியே எஞ்சினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளுத்திருந்தால் வறட்சி. மசி படிந்திருந்தால் மிகுதி. காப்பிப்பொடி நிறமென்றால் விட்டுவிடுங்கள், கை வைக்காதீர்கள்.

வேக்குவம் கேஜ் வைத்திருக்கிற பட்டறைகளுக்கு ஒரு சொல். நல்ல எஞ்சின் ஸ்லோ ஸ்பீடில் கடலோரத்தில் 17-இலிருந்து 21 அங்குலம் காட்டும் என்று புத்தகம் சொல்லும். ஆயிரம் அடி ஏறினால் ஓர் அங்குலம் குறையும். கொடைக்கானல் 7,000 அடி. அங்கே 12, 13 அங்குலம் காட்டுகிற எஞ்சின் ஆரோக்கியமான எஞ்சின். புத்தகத்தைப் பார்த்துவிட்டு ‘வேக்குவம் லீக்’ என்று அதன் கார்புரேட்டரைப் பிரித்துப் போடுகிற கொடுமை நடக்கிறது. தயவு செய்து நிறுத்துங்கள்.

மாட்டும்போது கடைசியாக லிங்கேஜ். கார்ட்டருக்கு வளைத்த ராடு சோலெக்ஸுக்கு அப்படியே ஒத்துவராது. யாரோ ஒருவர் வளைத்திருப்பார், வேறொருவர் வெல்டிங் வைத்திருப்பார், மூன்றாமவர் சைக்கிள் ஸ்போக்கை மாட்டியிருப்பார். வண்டியோடு வராத கார்புரேட்டரில் ஆபத்து உண்மையில் இங்கேதான் இருக்கிறது. ஒருவரை உள்ளே உட்கார்ந்து பெடலை முழுக்க மிதிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் பானட்டுப் பக்கம் நின்று பாருங்கள். த்ராட்டில் முழுக்கத் திறக்கிறதா? விட்டதும் முழுக்க மூடுகிறதா? எஞ்சின் தன் ரப்பர் மேல் ஆடும்போது ராடு எங்காவது சிக்குகிறதா? திருப்பி இழுக்கிற ஸ்பிரிங் ஒன்று இருந்தால் போதாது, இரண்டு போடுங்கள், இரண்டையும் வேறு வேறு கொக்கியில் மாட்டுங்கள். இரண்டாவது ஸ்பிரிங்கின் விலை ஒரு டீக்குக் காணாது. பெருமாள்மலையிலிருந்து இறங்கும்போது த்ராட்டில் திறந்தபடி சிக்கிக்கொண்டால் அந்த ஸ்பிரிங்குக்கு என்ன விலையும் கொடுப்பீர்கள். பெட்ரோல் பைப்பின் இணைப்பில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் ஸ்டார்ட் செய்யாதீர்கள், கீழே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கொதித்துக்கொண்டிருக்கிறது.

ஸ்லோ ஸ்பீடை எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு வையுங்கள், சோக் முழுக்கத் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வையுங்கள். எந்த ஜெட் போட்டீர்கள், எந்தத் தேதியில் போட்டீர்கள் என்று எழுதி ஒரு தகட்டில் ஒட்டி பானட்டுக்கு உட்புறம் வைத்துவிடுங்கள். நான் கொண்டுவந்திருக்கிற இரண்டு சோலெக்ஸும், தேய்ந்த ஸ்பிண்டில் ஒன்றும், புஷ் போட்ட ஸ்பிண்டில் ஒன்றும் அந்த மேசைமேல் இருக்கின்றன. மாணவர்கள் வந்து ஆட்டிப் பாருங்கள். கேள்வி கேட்க நினைப்பவர்கள் உங்கள் வண்டியின் ஜெட் நம்பரோடு வந்து கேளுங்கள்.